குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வரும்போது எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது?

காவிரிக்கரை (கும்பகோணம்), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. என் மகளுக்கு 31ஆம் வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து, 1,380 கிராம் எடையில் ஆண் குழந்தை பிறந்தான். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து தேறி, இப்போது 1,720 கிராம் எடையுடன் இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு வருகிறான். தலைப்பிரசவம் என்பதால் தாயும் பிள்ளையும் சில மாதங்கள் என் வீட்டில்தான் இருப்பார்கள்.

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது, சாம்பிராணிப் புகை கூடாது, உரைமருந்து கூடாது, தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கூடாது, மை கூடாது, தூளி கூடாது என்று ஒரு பக்கம் முழுவதும் கூடாதவற்றின் பட்டியல். எதையும் மீறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் படித்து முடித்தபோது, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று அதில் ஒரு வரிகூட இல்லை என்பது உறுத்தியது. காரணம் தெரியாமல் "கூடாது" என்று மட்டும் சொன்னால் என் சம்பந்தியம்மாளிடமோ பார்க்க வரும் உறவினரிடமோ அது எடுபடாது. போதாக்குறைக்கு, "ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று ஒருவர் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

இரவுப்பணி (மதுரை)

அம்மா, பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆதங்கம் நியாயமானது. நாங்கள் அறிவுரை சொல்வது பெரும்பாலும் பெற்ற தாயிடம். வீட்டுக்குப் போனபின் குழந்தையைக் கையில் வாங்குவதோ பாட்டி. அந்தப் பாட்டியை வார்டுக்குள் அழைத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தால் தாளே வேண்டியதில்லை என்று பணியில் இருந்த காலத்திலேயே பேசியிருக்கிறேன்.

குளியலில் தொடங்குகிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவி, தலையை உருட்டி, மார்பைப் பிழிந்து, இறுதியில் மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நம் பக்கத்து முறை. நிறைமாதக் குழந்தைக்கே இதில் பாதி தேவையில்லை. கடைசி வாரங்களில் தோலுக்கடியில் சேரவேண்டிய கொழுப்பு உங்கள் பேரனுக்குச் சேரவில்லை. அவன் உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது. வெந்நீரே ஊற்றினாலும், ஈரம் காய்வதற்குள் குளிர்ந்துவிடுவான். குளிர்ந்த குழந்தை, எடை கூட வேண்டிய சத்தைச் சூடு உண்டாக்கச் செலவழித்துவிடும். இரண்டு கிலோவோ இரண்டரைக் கிலோவோ, உங்கள் மருத்துவர் சொல்லும் எடை வரும்வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வோர் இடமாகத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். மூக்கில் எண்ணெய் விடுவது மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும்போது இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குப் போய்த் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். மார்பைப் பிழிவதால் சீழ்க்கட்டி வந்த பெண் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வேலையைச் சொல்கிறேன். வயிற்றையும் உள்ளங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு கதகதப்பாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிர்ச்சியோடு போராடுகிறது; உடனே மார்போடு அணைக்க வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வெப்பமானியில் அக்குள் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்றாலும், நடு இரவில் கைதான் முதலில் சொல்லும்.

அடுத்தது பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம். மருத்துவம் நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள் இது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது என்ற மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறக்குறைய 32 வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் வரும் என்பதால், புட்டியைத் தவிர்த்து இந்தியாவின் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பாலாடையில்தான் கறந்த தாய்ப்பாலைப் புகட்டுகிறார்கள். குழந்தையை ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்துக் கழுத்தைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின்மேல் வாயோரத்தில் வைத்துச் சற்றே சாய்த்தால் பால் உதட்டைத் தொடும். நாக்கை நீட்டி அவனே எடுத்துக்கொள்வான். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சாய்ப்பு. படுக்கவைத்து ஊற்றுவதும், அழும்போது ஊற்றுவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவதும் பாலை நுரையீரலுக்கு அனுப்பிவிடும். ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். உங்களைப் போல் பொறுமையுள்ள ஒருவர் இல்லாத வீட்டில் இது நடப்பது அரிது.

நொய்யல் (திருப்பூர்)

எங்கள் மகளும் குறைமாதத்தில் பிறந்தவள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். தாள் சொல்லாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெற்று மார்போடு குழந்தையை அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைத் தாயால் மட்டுமே நாள் முழுவதும் செய்ய முடியாது. பிரசவ அறைக்குள் ஆண்கள் போவது, அதுவும் தீட்டு கழிவதற்கு முன் போவது, எங்கள் மாமியார் வீட்டில் வழக்கமில்லை. மருத்துவமனையில் செவிலியர் என் சட்டையைக் கழற்றச் சொல்லிக் குழந்தையை நெஞ்சில் வைத்தபோது என் மாமியாரும் அங்கே இருந்தார். வீட்டுக்கு வந்தபின், பழைய பருத்திப் புடவையைப் பட்டையாக மடித்து, குழந்தையின் கால்கள் தவளைபோல் மடங்கி இருக்கும்படியும் தலை ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரியும்படியும் என் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டது அவர்தான். தூளி கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த புடவை அது. "தூளி இங்கேயே கட்டியாகிவிட்டது" என்று பக்கத்து வீட்டாரிடம் அவரே சொன்ன பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் மருமகனை முன்னறையில் உட்காரவைத்துக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

குறிப்பேடு (சென்னை)

குழந்தை மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு மாணவி. நொய்யல் அவர்கள் எழுதியதற்கு அறிவியல் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் குழந்தைகளை நெருக்கிப் படுக்கவைக்க வேண்டியிருந்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்தவர்களைப் பிறந்தவுடனேயே, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், அணைத்து வைத்ததால் முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது தெரியவந்தது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி நேரமும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது ஹரியானாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு. அங்கே எடை குறைந்த குழந்தைகளுக்கு வீட்டிலேயே, சுகாதாரப் பணியாளர் வந்து கற்றுக்கொடுத்து இதைத் தொடங்கினார்கள். ஆறு மாதம் வரையிலான இறப்பு அங்கும் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

எட்டாம் மாத நம்பிக்கை நம்மிடம் மட்டும் உள்ளதன்று. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே அது இருக்கிறது. உண்மை நேர்மாறானது: கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும். அந்தச் சொல்லால் மனம் சலிப்பதோடு போய்விடுவதில்லை. "தங்காது" என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்ட வீட்டில் பால் குடிக்காமல் சோர்ந்த குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு பகல் தாமதமாகும். என் அச்சம் அதைப் பற்றியதே.

எண்ணெயைப் பொறுத்தவரை மருத்துவமனைத் தாள் சற்று அதிகமாகவே இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பேன். குறைமாதக் குழந்தையின் தோலில் எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இன் அதே பரிந்துரைகளில் இருக்கிறது. அழுத்தித் தேய்ப்பதும் உருட்டுவதும் நீவி எடுப்பதும்தான் வேண்டாதவை. உங்கள் மருத்துவர் இசைந்தால், கதகதப்பான அறையில், கழுவிய கையால் சுத்தமான தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவிவிடலாம். கடுகெண்ணெய் தோலின் பாதுகாப்பைக் குலைக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்லவேளையாக அது நம் ஊர் வழக்கமன்று.

பொருநை (பாளையங்கோட்டை)

சித்த மருத்துவன் என்ற முறையில் உரைமருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு போன்றவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு இத்தனை உரை என்று கணக்காக இழைத்துக் கொடுப்பது பால வாகடம் என்னும் சித்தக் குழந்தை மருத்துவ மரபில் வந்த முறை. குழந்தையின் வயதையும் வன்மையையும் பார்த்து அளவு மாறும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று வீடுகளில் நடப்பது அதுவன்று. கடையில் வாங்கிய, எப்போது இடித்தது என்று தெரியாத பொடியை விரலால் தொட்டு நாக்கில் தடவுகிறார்கள். குறைமாதத்தில் பிறந்து இரண்டு கிலோகூட எட்டாத பிள்ளைக்கு நானே எதையும் கொடுக்க மாட்டேன். முழு மாதத்தை எட்டி, எடையும் கூடிய பிறகு, தகுதியுள்ள ஒருவர் பார்த்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பது வேறு. அதற்காக மரபு முழுவதையும் "வீட்டு வைத்தியம்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதை நான் ஏற்பதற்கில்லை.

குறிப்பேடு (சென்னை)

ஐயா, முதல் பாதியில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். இரண்டாம் பாதியில் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்துகளும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதை நான் தளர்த்த மாட்டேன். இந்தக் குழந்தைகளின் குடல் முதிராதது. குடல் அழுகும் கொடிய நோய் ஒன்று இவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. அதற்கு எதிரான சிறந்த காவல் தாய்ப்பால். அந்தக் குடலுக்குள் உரைகல்லிலும் விரலிலும் ஒட்டிய கிருமி போவதை எந்த அளவுக் கணக்கும் தடுக்காது. பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டுச் சேனை வைக்கும் தேனும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அபாயம் உண்டு.

பொருநை (பாளையங்கோட்டை)

விரலில் ஒட்டிய கிருமியைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆறு மாதம் என்ற எல்லையை நிறைமாதக் குழந்தைக்கும் அப்படியே வைக்க வேண்டுமா என்பதில் நம் கருத்து வேறுபடுகிறது. அதை வேறோர் இழையில் பேசலாம். இந்த அம்மாவின் பேரனைப் பொறுத்தவரை இருவரும் சொல்வது ஒன்றே.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கம் துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு, 31 நாள். எனது மகன் குறைமாதத்தில் பிறந்து வைத்தியசாலையில் இருந்தபடியால் துடக்கின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அதன்பிறகும் அம்மம்மா தானாகவே துடக்கை நீட்டித்து, ஆட்களை வாசலோடு நிற்பாட்டிவிட்டார். தடிமன், இருமல் உள்ள எவரும் குழந்தையை நெருங்க முடியவில்லை. "கிருமித்தொற்று" என்று நான் சொல்லியிருந்தால் படித்த திமிர் என்றிருப்பார்கள். "துடக்கு இன்னும் கழியவில்லை" என்று அவர் சொன்னதும் மறுபேச்சு இல்லை. இந்த வழக்கத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது எனது அனுபவம். ஆனால் அதே துடக்கின் பெயரால் தாயை இருட்டறையில் யன்னலும் திறக்காமல் வைத்திருப்பதும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வயிறு பெருக்கும் என்று மறுப்பதும் நடக்கின்றன. பகலும் இரவும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலைக் கறந்தெடுக்கும் தாய்க்கு அது கொடுமை. பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கும் சரக்குக் கறியும் சுறாப் புட்டும் நன்றாகவே கொடுங்கள். கூடவே தண்ணீரும் பழமும் கீரையும் கொடுங்கள்.

தாயையும் பிள்ளையையும் பார்க்கும் சுகாதாரப் பணியாளரான குடும்பநல மாது வீட்டுக்கு வரும் நாளில் அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டது மிகவும் உதவியது. பிறகு வீட்டில் சட்டம் பேசியது அவர்தான்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான். வயிற்றையும் காலையும் தொட்டுப் பார்ப்பது இப்போது என் வேலை; மருமகன் புடவைக்குள் அவனைக் கட்டிக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார்.

இரண்டு ஐயங்கள். சாம்பிராணியும் தூளியும் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. சம்பந்தியம்மாள் வசம்பு மணி கோத்த காப்பும் அரைஞாண் கயிறும் கொண்டுவந்திருக்கிறார். ஆசையோடு கொண்டுவந்ததை எப்படி மறுப்பது? அடுத்து, தொட்டிலில் இடும் சடங்கையும் பெயர் சூட்டலையும் எப்போது வைத்துக்கொள்வது?

இரவுப்பணி (மதுரை)

செயற்கைச் சுவாசத்திலும் ஆக்சிஜனிலும் இருந்து வந்த நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. சாம்பிராணிக்கு மட்டுமன்றிக் கொசுவர்த்திச் சுருளுக்கும் பீடி, சிகரெட்டுக்கும் இது பொருந்தும். தூளியில் கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் இடிக்கும். மூச்சு சற்றே தடைபட்டாலும் தலையைத் திருப்பித் தப்பித்துக்கொள்ளும் வலு இவனுக்கு இன்னும் வரவில்லை. சமமான, அழுந்தாத படுக்கையில் மல்லாந்து படுக்கவையுங்கள். வசம்புக் காப்பைக் குழந்தையின் கையில் கட்டாமல், அவன் கைக்கு எட்டாதபடி அறைக் கதவில் கட்டச் சொல்லுங்கள். கண் படாமல் காப்பது வாசலிலேயே நடக்கட்டும். அரைஞாணைத் தோல் தடிக்கும்வரை சுவாமி படத்தருகே வைத்திருங்கள். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் ஒரு புள்ளி. கண்ணுக்குள் மை வேண்டாம், கடை மைகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

குறிப்பேடு (சென்னை)

சடங்கு நாள் பற்றி ஒரு யோசனை. நாங்கள் இவர்களின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணுவோம். கழுத்து நிற்பது, குப்புற விழுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே ஒத்த வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். சோறு ஊட்டும் நாளையும் மருத்துவரிடம் கேட்டு அந்தக் கணக்கையொட்டி வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில் போக வேண்டும். தொட்டில் சடங்கை, பிரசவத்துக்குக் குறித்திருந்த அந்த நாளிலிருந்து முப்பதாம் நாள் வைத்தால் குழந்தையும் சற்றுத் தேறியிருப்பான், கூட்டத்தையும் தள்ளிப்போட்டதாகும். சாதகம் எந்தக் கணக்கில் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

சாதகம் பிறந்த நேரத்துக்கே. அதைச் சோதிடர் பார்த்துக்கொள்வார். முப்பதாம் நாள் யோசனையைச் சம்பந்தியம்மாள் உடனே ஏற்றுக்கொண்டார். சிக்கல் வேறிடத்தில் வந்திருக்கிறது. கண் விழித்திரைப் பரிசோதனை மருத்துவமனையிலேயே ஒருமுறை நடந்தது. மறுபடி வரச் சொன்ன நாள் அஷ்டமி. நிலைப்படி ஏறிய பிள்ளை முதலில் வெளியே போவது குலதெய்வக் கோயிலுக்குத்தான், அதுவும் மூன்றாம் மாதம் கழித்துத்தான் என்கிறார்கள். கண் பளிச்சென்று இருக்கிறதே, ஒரு பதினைந்து நாள் தள்ளினால் என்ன என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

குறிப்பேடு (சென்னை)

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை, அம்மா. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமாதம் ஆகும்போதுதான் வளர்ந்து முடியும். முன்கூட்டியே பிறந்தவர்களுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லோருக்கும் முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை என்று இந்தியாவில் வைத்திருப்பதும், விழித்திரை முதிரும்வரை தவணை தவறாமல் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். நோய் முற்றும் நிலை தெரிந்தால் லேசர் சிகிச்சையை இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்; பதினைந்து நாளில் பார்வையே போய்விடக்கூடும்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

சம்பந்தியம்மாளை உட்காரவைத்து இதை அப்படியே படித்துக் காட்டினேன். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு அஷ்டமியன்றே போகலாம் என்று சொல்லிவிட்டார். தானும் வருவதாகச் சொல்கிறார். போகும்போது கவனிக்க வேண்டியது என்ன?

இரவுப்பணி (மதுரை)

மகிழ்ச்சி, அம்மா. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் எதிர்க்களிக்கும். பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டுச் சிறிது நேரம் உட்காரவைப்பார்கள். அந்த நேரம் முழுவதும் மருமகனோ மகளோ மார்போடு அணைத்திருக்கட்டும், அறையில் ஏசி குளிரும். குல்லாவும் காலுறையும், மாற்றுத் துணி இரண்டும், மூடியுள்ள பாத்திரத்தில் கறந்த பாலும், கொதிக்கவைத்த பாலாடையும் கையில் இருக்கட்டும். இமையை விரித்துப் பார்க்கும்போது வீறிட்டு அழுவான். சம்பந்தியம்மாளிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். பிறகு கண் சற்றுச் சிவந்திருக்கும், ஓரிரு நாளில் தெளியும். மறுபடி எப்போது வர வேண்டும் என்பதை அட்டையில் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.